சென்னம்மா சொன்னதும் பத்திரிகை போட்டதும்

மைசூர்க் கல்லூரி ஒன்றில் மகேஸ்வரி பி.ஏ.வில் இதழியலையும் ஆங்கில இலக்கியத்தையும் சேர்த்து எடுத்தபோது விடுதிப் பெண்கள் சிரித்தார்கள். பள்ளிப் படிப்பு கன்னடத்தில், வீட்டில் தமிழ், ஊரோ கோபிநத்தத்துக்கு அந்தப் பக்கம் காட்டோரம். இவளுக்கு இங்கிலீஷ் எங்கிருந்து வரும்? முதல் வருடம் முழுக்க அகராதியும் கையுமாக அலைந்தாள். இரண்டாம் வருடம் இரண்டு பாடத்திலும் முதல் மூன்று பேரில் ஒருத்தியாக வந்து நின்றாள்.

காலையில் இதழியல் ஆசிரியர் சென்னப்பன், பார்த்ததைப் பார்த்தபடி எழுது, கேட்டதைக் கேட்டபடி எழுது என்பார். மதியம் இலக்கிய வகுப்பில் லீலா மேடம், இந்தக் கதையை யார் சொல்கிறார், யாரைப் பேசவிடாமல் சொல்கிறார் என்று துருவுவார். ஒரே நாளில் இரண்டையும் கேட்பது மகேஸ்வரிக்குப் பிடித்திருந்தது. ஒன்று இல்லாமல் இன்னொன்று நிற்காது என்று நம்பினாள்.

அது 1994. காட்டுக்குள் ஒளிந்திருந்த சந்தனமரக் கடத்தல்காரன் ஒருவனைத் தேடி, அவள் ஊர் வட்டாரமெங்கும் போலீஸ் கூடாரம் போட்டிருந்த சமயம். ஆங்கிலப் பத்திரிகை ஒன்றின் மைசூர் செய்தியாளர் உதயகுமார், சென்னப்பனின் பழைய மாணவர். காட்டோர ஊர்களைப் பற்றி எழுத வேண்டும், தமிழ் தெரிந்த ஒருவர் கூட வர வேண்டும் என்று கேட்டு வந்தார். சென்னப்பன் மகேஸ்வரியைக் கைகாட்டினார். செய்முறைத் தேர்வுக்கும் கணக்கில் சேரும் என்றார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: யார் பேரும் போடக்கூடாது, படமும் கூடாது. உதயகுமார் உடனே சம்மதித்தார்.

அவரை அவள் தன் அப்பாவின் அக்கா சென்னம்மாவிடம் கூட்டிப் போனாள். வேறு யாரும் பேச மாட்டார்கள். அத்தை இவளுக்காகப் பேசுவாள். அந்த ஆளைப் பற்றி உதயகுமார் கேட்டதும், சோளம் புடைத்துக்கொண்டிருந்த முறத்தை அத்தை கீழே வைத்தாள்.

"பொறந்தது எங்க பக்கந்தானுங்க. அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்? அவனக் கண்டாலும் பயம், அவனத் தேடிட்டு வர்றவங்களக் கண்டாலும் பயம். ரெண்டு படி அரிசி சேத்து வாங்கிட்டு வந்தா, ஆருக்குன்னு கேக்கறாங்க. பஸ்ஸு நின்னு ஆறு மாசமாச்சு. அத எழுதுங்க."

அத்தை இன்னும் கொஞ்சம் பேசினாள். எல்லாவற்றையும் மகேஸ்வரி ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். உதயகுமார் குறித்துக்கொண்டார். கிளம்பும்போது கேமராவை எடுத்தார். ஊரின் தோற்றத்துக்காக, தூரத்திலிருந்துதான் என்றார்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அத்தையின் முகம் கால் பக்கத்துக்கு வந்தது. கீழே பேர், வயது. மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு: 'அவன் எங்களில் ஒருவன்.' அரிசியைக் காணோம், பஸ்ஸைக் காணோம், இரண்டு பயத்தையும் காணோம். காட்டோரப் பெண் கண்ணில் பெருமிதம் மின்னியதாக ஒரு வரி இருந்தது. விடுதி வாசிப்பறையில் மகேஸ்வரி அதை நின்றபடியே இரண்டு முறை படித்தாள்.

புதன்கிழமை சென்னம்மாவைப் போலீஸ் முகாமுக்கு அழைத்துப் போனார்கள். பத்திரிகையை எதிரில் வைத்து, இரண்டு நாள் பெஞ்சில் உட்கார வைத்து, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு அனுப்பினார்கள். தகவல் வந்ததும் மகேஸ்வரி ஊருக்கு ஓடினாள். அத்தையின் காலடியில் உட்கார்ந்து, தன்னால்தான் எல்லாம் என்று அழுதாள்.

"நாஞ் சொன்னத நீ மாத்திச் சொன்னியா?" என்று கேட்டாள் சென்னம்மா.

"இல்லீங்கத்தை."

"அப்பறம் இங்க வந்து அழுதா ஆச்சா? மாத்துனவனப் போயிக் கேளு."

மறுநாளே மைசூரில் அவர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாள். உதயகுமார் நாற்காலி போட்டுக் காபி வரவழைத்தார். தலைப்பைத் தான் வைக்கவில்லை, பெங்களூரில் செய்திகளைத் திருத்தும் டெஸ்க் வைத்தது. படமும் அவர்கள் கேட்டதுதான். இந்தத் தொழிலுக்கு வந்தால் உனக்கே புரியும் என்றார்.

"பேர் போட மாட்டேன்னு என்கிட்ட சொன்னது நீங்க சார். டெஸ்க் இல்ல," என்றாள். காபியைத் தொடவில்லை. பத்திரிகை ஆசிரியருக்கு நீண்ட கடிதம் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

மூன்று வாரம் கழித்து ஏழாம் பக்கத்து மூலையில் திருத்தம் வெளியானது. சென்னம்மாவின் வயது ஐம்பத்திரண்டு அல்ல, நாற்பத்தெட்டு, தவறுக்கு வருந்துகிறோம். அவ்வளவுதான்.

அன்றைக்கு ஏறிய ஆத்திரம் இறங்கவில்லை. ஏதாவது ஒரு கதையை எடுத்து, அதைச் சொல்பவரை ஆராயும்படி லீலா மேடம் கட்டுரை கேட்டிருந்தார். மகேஸ்வரி அந்தச் செய்தியையே எடுத்தாள். அன்று அத்தை பேசியவை மொத்தம் பதினெட்டு வாக்கியங்கள். அச்சில் வந்தது ஒன்றரை. மீதி எங்கே போனது, ஏன் போனது என்று வரி வரியாகப் பிரித்து எழுதினாள். லீலா மேடம் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் போட்டார். பிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டு, இதைச் சென்னப்பனிடம் காட்டாதே, செய்முறை மதிப்பெண் அவர் கையில் இருக்கிறது என்று மெல்லச் சொன்னார். உதயகுமார் மேல் வந்ததைவிட அப்போது அதிகக் கோபம் வந்தது அவளுக்கு. நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஒளித்து வைக்கச் சொல்கிறாரே!

அதே கட்டுரையை இதழியல் செய்முறைக்குக் கொடுத்தாள். இது இலக்கியம், செய்தி அல்ல என்று சென்னப்பன் திருப்பித் தந்தார். வேறு எழுதித் தர மாட்டேன் என்றாள். தேறுகிற அளவுக்கு மட்டும் மதிப்பெண் வந்தது. கைக்கெட்டியிருந்த ரேங்க் போயிற்று.

மைசூர்ப் பல்கலைக்கழக வளாகமான மானசகங்கோத்ரியில் எம்.ஏ. ஆங்கிலம் சேர்ந்தாள். மறு வருடம் பழைய கல்லூரியில் இதழியல் மாணவர்களுக்குக் கருத்தரங்கம் நடந்தது. களத்தில் செய்தி சேகரிப்பது பற்றிப் பேச வந்தவர் உதயகுமார். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். நம்பிக்கைதான் நம் தொழிலின் மூலதனம் என்று அவர் முடித்ததும் பிள்ளைகள் கை தட்டினார்கள். கேள்வி உண்டா என்று கேட்டார்கள். மகேஸ்வரி எழுந்தாள். கேள்வி கேட்கவில்லை. தன் பழைய கட்டுரையை எடுத்து, அதிலிருந்து சென்னம்மாவின் பதினெட்டு வாக்கியங்களையும் ஆங்கிலத்தில் வாசித்தாள். பிறகு அச்சில் வந்த ஒன்றரையை வாசித்தாள். நடுவில் சென்னப்பன் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. உதயகுமார் தனக்கு அது நினைவில்லை என்றார்.

"எங்க அத்தைக்கு இருக்கு சார்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த மாதமே உதயகுமார் பதவி உயர்வு பெற்றுப் பெங்களூருக்குப் போய்விட்டார். ஆனால் அன்று மாலை முதல் வருட மாணவிகள் நான்கு பேர் பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்து, அந்தக் கட்டுரையைப் பிரதி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். மகேஸ்வரி அங்கேயே பையைத் திறந்து கொடுத்தாள்.