பால் பம்ப் செல்வின்

"சாரு எங்க? சாரு வரட்டும். அதுக்குப் பொறவுதான் பெட்டியத் தொறப்பேன்."

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே செல்வின் இதைச் சொல்லிவிடுவார். சார், அதாவது பிள்ளையின் அப்பா, தூங்குகிறார் என்றால் "எழுப்புங்க" என்பார். அந்தக் குரலுக்கே சார் எழுந்து வந்துவிடுவார். வந்தவர் கையில் பிளாஸ்டிக் பேசின் ஒன்றைத் திணித்து, தாய்ப்பால் எடுக்கும் பம்பின் புனல், வால்வு, பாட்டில் எல்லாவற்றையும் பிரிக்கச் சொல்வார். சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக அலசி, சுத்தமான துண்டில் கவிழ்த்து வைக்க வேண்டும். செல்வின் பரீட்சை மேற்பார்வையாளர்போலப் பக்கத்திலேயே நிற்பார்.

"அம்மா கழுவிக்கிடுவாங்க" என்று எவனாவது வாய் தவறிச் சொன்னால் தொலைந்தான்.

"எந்த அம்மை? ஒம்ம அம்மையா, பிள்ளைக்க அம்மையா? ஒருத்திக்கு முட்டுவலி. ஒருத்திக்கு வயித்துல தையலு. ஒமக்குக் கையில என்ன வேய் கேடு?"

தாயிடம் பேசும்போது மட்டும் அவர் பார்வை மேலே போய்விடும். சுழலும் மின்விசிறியைப் பார்த்தபடிதான் எல்லாவற்றையும் சொல்வார். "மொதல்ல இழுப்பக் கொறச்சி வைக்கணும் மக்ளே. வலிச்சா உடனே நிறுத்திரணும். வலிச்சாத்தான் பாலு வருமுன்னு யாராவது சொன்னா நம்பப்பிடாது, கேட்டியா?" மின்விசிறி இல்லாத அறையில் ஏசியைப் பார்ப்பார். கரமனை அக்கிரகாரத்தில் ஒரு வீட்டில் அவர் போனபிறகு, "பாவம், கழுத்து சுளுக்கிண்டுடுத்து போலிருக்கு" என்று பேசிக்கொண்டார்களாம்.

ஊர் கருங்கல் பக்கம். பிழைப்பு கேரளத் தலைநகரில். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஆஸ்பத்திரி மிஷின்களை ரிப்பேர் செய்யும் சின்னக் கடை வைத்திருந்தார். இப்போது தாய்ப்பால் எடுக்கும் பம்புகளை வாடகைக்கு விடுவதுதான் முழுநேரத் தொழில். மோட்டார் மட்டும்தான் வாடகை. புனலும் பாட்டிலும் ஒவ்வொரு தாய்க்கும் புதிது. மோட்டார் சரியாக இழுக்கிறதா என்று பார்ப்பதற்குத் தனக்கென ஒரு பழைய புனல் வைத்திருக்கிறார். அதைக் கன்னத்தில் வைத்து ஓடவிடுவார். கன்னத்தில் சிவப்பாக ஒரு வட்டம் விழும். அந்த வட்டத்தோடேயே அடுத்த வீட்டுக்குப் போவார், டீக்கடைக்குப் போவார், ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போய்விட்டார்.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் புதுத்தாய்களுக்குப் பாலூட்டப் பழக்கிக் கொடுக்கும் மீனு சிஸ்டர்தான் அவரை வீடுகளுக்கு அனுப்புவது. இருவருக்கும் நடுவே ஓர் எல்லை உண்டு. "மிஷினு கேடுன்னா நான். மாரு கேடுன்னா சிஸ்டரு." அந்த எல்லையைச் செல்வின் தாண்டியதில்லை. ஆனால் கோபத்துக்கு அவர் எல்லை வைத்துக்கொண்டதே இல்லை. பிள்ளை பார்க்க வரும்போதே பால்மாவு டின்னோடு வரும் சித்தப்பாக்கள்மேல் கோபம். "பாலு பத்தாது" என்று தாயின் காதுபட முணுமுணுப்பவர்கள்மேல் கோபம். பாலூட்டும் அறை என்று பலகை மாட்டிவிட்டு உள்ளே உடைந்த நாற்காலிகளை அடுக்கிவைப்பவர்கள்மேல் பெருங்கோபம்.

இத்தனை கோபத்துக்கு என்ன காரணம், சொந்த வீட்டில் ஏதாவது நடந்ததா என்று மீனு சிஸ்டர் ஒருநாள் கேட்டாள். "எனக்குக் கதையொண்ணும் இல்ல சிஸ்டரே" என்றார் செல்வின். "பிள்ளைக்குப் பசிக்கும். அது இவனுவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் செய்ய மாட்டானுவ. கோவம் வர இதுக்கு மேல என்ன வேணும்?"

அவர் திட்டாத ஒரே கணவன் மகாராஜா. ஓட்டலில் பரோட்டா மாஸ்டர், வள்ளியூர்க்காரன். பேசினைக் கொடுத்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, புனலின் விளிம்புவரை விரலால் தேய்த்துக் கழுவி வைத்தான். செல்வின் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, குறை தேடி மறுபடியும் திருப்பிப் பார்த்தார். மகாராஜாவின் மனைவி கலைச்செல்வி, கிழக்கேக்கோட்டையில் ஒரு பெரிய துணிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் வேலை பார்ப்பவள். பிரசவ விடுப்பு முடிந்து மறுபடியும் வேலைக்குப் போகிறாள். பகலில் பிள்ளையைப் பக்கத்து வீட்டு அம்மிணி சேச்சி பார்த்துக்கொள்வாள். கடையில் எடுத்துவைக்கும் பால் மறுநாள் பிள்ளைக்கு. அதற்குத்தான் பம்ப்.

மாதம் முடிவதற்குள் கலைச்செல்வியிடமிருந்து போன் வந்தது. "அண்ணே, மிஷின் வேண்டாம். எடுத்துட்டுப் போயிருங்க."

செல்வின் போனபோது அவள் வாசற்படியில் பம்ப் பையோடு நின்றாள். காய்ச்சல் முகம். ஒரு பக்கத் தோளை அசையவிடாமல் கையால் அணைத்துப் பிடித்திருந்தாள். என்ன என்று கேட்டார். வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். கடையில் உட்கார இடம் இல்லை. கக்கூஸில் நின்றுகொண்டுதான் பால் எடுப்பாள். எடுக்கத் தொடங்கியதும் யாராவது கதவைத் தட்டுவார்கள். எடுத்ததை ஊழியர் ஃபிரிட்ஜில் வைத்தாள். சாப்பாடு வைக்கிற இடத்தில் இது என்ன அசிங்கம் என்று யாரோ புகார் சொல்ல, மாடி மானேஜர் ஸ்ரீஜித் வந்து பாட்டிலை எடுத்துக் கைகழுவும் தொட்டியில் கவிழ்த்துவிட்டான்.

"எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்காங்க. நானும் நிக்கேன். அப்புறம் குழாயத் தொறந்துவிட்டாரு" என்றாள் கலைச்செல்வி. "அன்னையிலேருந்து எடுக்கல. நெஞ்சு கல்லு மாதிரி கட்டிக்கிடுச்சி."

செல்வினுக்குக் காது சிவந்தது. "ஊத்துனானா? பிள்ளைக்க பாலையா?" அவள் நீட்டிய பையை வாங்கி அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பி ஸ்கூட்டருக்கு நடந்தார். "அவனுக்க மாடியில வச்சே கேக்கேன். வந்து நிக்கிற அத்தன சனமும் கேக்கட்டும்."

அவர் சாவியைப் போடுவதற்குள் கலைச்செல்வி ஓடிவந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கத்திட்டு நீங்க போயிருவிய. நாளைக்கு அந்த மாடியில நிக்கப்போறது நானு. எம் பாலு, என் வேலை. உங்க கோவத்துக்கு நான் கூலி குடுக்கணுமா?"

பார்ப்பதற்குத் தெருவில் மின்விசிறி இல்லை. செல்வின் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். அவர் கோபம் எவ்வளவோ அவ்வளவும் அங்கே இருந்தது, அவரைப் பார்த்து.

மீனு சிஸ்டரைப் போனில் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தார். பிள்ளையை அந்தப் பக்கமே குடிக்கவிடு, எடுப்பதைச் சட்டென்று நிறுத்தாதே, காய்ச்சலுக்கு இன்றே டாக்டரைப் பார் என்றாள் சிஸ்டர். சட்டத்தில் பாலூட்டும் தாய்க்கு வேலைநேரத்தில் தனி இடைவேளை உண்டு என்பதையும் சொன்னாள். பிறகு செல்வினிடம் கேட்டாள்: "அந்தப் பெண்குட்டிக்கு என்ன வேணும்னு கேட்டீங்களா சேட்டா?"

அவர் கேட்டிருக்கவில்லை. அதை நினைக்க அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. கேட்டார்.

"ஒரு கதவு வேணும்ணே" என்றாள் கலைச்செல்வி. "உள்ளாற தாப்பாள் இருக்கணும். நான் எடுத்து வைக்கறத வேற யாரும் தொடக்கூடாது. அம்புட்டுதான்."

காய்ச்சல் இறங்கி வேலைக்குத் திரும்பியபிறகு அவளே மற்ற பெண்களிடம் பேச்சுக் கொடுத்தாள். வீட்டில் கைக்குழந்தையை விட்டுவிட்டு வருபவர்கள் அந்த மாடியிலேயே இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். ஒருத்தி மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வருகிறாள். ஒருத்திக்குப் பால் வற்றியே போய்விட்டது. யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. நால்வரும் சேர்ந்து மானேஜரிடம் போவதென்று முடிவானது. செல்வினுக்கு ஒரே நிபந்தனை: அவர் மாடி ஏறக்கூடாது.

ஓணம் நெருங்கிய நாள். கடைமுன் கூட்டம் நெரிந்தது. செல்வின் கீழே தெருவில் நின்றார். நின்றார் என்பது சரியில்லை. ஸ்கூட்டரை நகர்த்தச் சொன்ன செக்யூரிட்டியோடு சண்டை போட்டார். ஹாரன் அடித்த ஆட்டோக்காரனோடு சண்டை போட்டார். சண்டைக்கு ஆள் கிடைக்காதபோது கடை முகப்பைப் பார்த்தார். ஒரே நிறப் பட்டில் தாயும் குழந்தையும் சிரிக்கும் பெரிய விளம்பரப் பலகை. "படத்துக்கு மாத்திரம் இவனுவளுக்கு அம்மையும் பிள்ளையும் வேணும்!" என்று கத்தினார். புடவைப் பையோடு வெளியே வந்த ஒரு குடும்பம் விலகி நடந்தது.

மேலே நடந்ததைக் கலைச்செல்வி பிறகுதான் சொன்னாள். சட்டத்தைச் சொன்னபோது ஸ்ரீஜித் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தான். தனக்கும் மேலே ஆள் இருக்கிறது, கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றான். "ஓணத் திரக்கில, இந்தக் கூட்டத்துல, ஆளாளுக்கு உள்ள போய் உக்காந்தா சேல யாரு விக்கும்?" என்று இரண்டு பாஷையும் கலந்து கேட்டான். அப்போதுதான், பால் வற்றிப்போன அந்தப் பெண் வாயைத் திறந்தாள். "இப்ப நாங்க நாலு பேரும் இங்கதானே நிக்கோம் சார். இப்ப யாரு விக்கா?"

வெளியே வாடிக்கையாளர்கள் கவுண்டரைத் தட்டத் தொடங்கியிருந்தார்கள். ஸ்ரீஜித் எட்டிப் பார்த்தான். மாடிக்கோடியில் கண்ணாடி கீறிப்போனதால் பூட்டிக்கிடந்த பழைய ட்ரயல் ரூமின் சாவியை எடுத்து மேசையில் போட்டான். ஃபிரிட்ஜில் ஒரு தட்டையும் ஒதுக்கச் சொன்னான்.

செல்வினின் போன் அடித்தது. "அண்ணே, ரூம் கெடச்சிருச்சி. ஆனா உள்ளாற தாப்பாள் இல்ல. இப்ப மேல வரலாம். சத்தம் போடக்கூடாது."

எதிர்ச்சாரி இரும்புக்கடையில் இருந்ததிலேயே கனமான தாழ்ப்பாளை வாங்கிக்கொண்டு, ஸ்கூட்டர்ப் பெட்டியிலிருந்து டிரில்லை எடுத்துக்கொண்டு படியேறினார். பட்டுப்புடவை மாடியில் மண்டியிட்டு உட்கார்ந்து கதவில் துளை போட்டார். ஸ்ரீஜித் வந்து பக்கத்தில் நின்றான். இத்தனை பெரிய தாழ்ப்பாள் எதற்கு, இதென்ன பேங்க் லாக்கரா என்று மலையாளத்தில் கேட்டான். சுற்றி நின்ற பெண்கள் செல்வினின் வாயையே பார்த்தார்கள். அவர் தாடை இறுகியது. பற்களுக்கிடையே வைத்திருந்த திருகாணிகளில் ஒன்றை எடுத்து மரத்தில் வைத்துத் திருப்பினார். அது முழுக்க இறங்கியபிறகும் இன்னும் அரைச்சுற்று திருப்பினார். பிறகு அடுத்ததை எடுத்தார்.

வேலை முடிந்ததும் மரத்தூளை வழித்துக் கையில் அள்ளிக்கொண்டு எழுந்தார். "உள்ள போய்ப் போடு மக்ளே."

கலைச்செல்வி உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

செல்வின் தூளைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றினார். ஒரு காலைத் தூக்கிச் சுவரில் ஊன்றினார். கழுத்து நரம்பு புடைக்க, ஓங்கி இழுத்தார். கதவுநிலை அதிர்ந்தது, மேலே மாட்டியிருந்த விளக்கு ஆடியது. கதவு அசையவில்லை.

"மதி, மதி" என்றான் ஸ்ரீஜித், போதுமென்று கையை ஆட்டிக்கொண்டே.

செல்வின் அவன் பக்கம் திரும்பவேயில்லை. உள்ளங்கைகளைப் பேண்டில் துடைத்துக்கொண்டார். மறுபடியும் காலை ஊன்றி, முன்னைவிட ஓங்கி இழுத்தார்.