மெஷின்காரரின் நாலு மணி

நாலு மணி வாக்கில் வண்டியை மரநிழலில் ஓரங்கட்டுவார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பிஸ்கட் பொட்டலத்தின் ஒட்டிய விளிம்பை நகத்தால் நெம்பித் திறப்பார். முதல் பிஸ்கட் வாயில் இருக்கும்போதே மூன்றாவது கைக்கு வந்துவிடும். இரண்டு பொட்டலம், பிறகு முழு ரொட்டி ஒன்று, தொட்டுக்கொள்ள எதுவுமில்லாமல். இருபது நிமிடத்தில் முடித்து, உறைகளை நீவி நாலாக மடித்து, ஸ்டெப்னி டயருக்கு அடியில் செருகிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்புவார். வாரத்தில் நான்கைந்து நாள், பதினோரு வருடமாக இப்படித்தான்.

துணி துவைக்கும் மெஷின் பழுதுபார்ப்பது அவர் தொழில். ஒல்லியும் இல்லை, பருமனும் இல்லை. பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. மெஷினைத் தொடுமுன் விசாரணை நடக்கும். "கடைசியா எப்ப நல்லா ஓடுச்சு? அதுக்கு முன்னாடி என்ன போட்டீங்க?" உள்ளே சிக்கிய ஹேர்பின்னையோ குழந்தையின் சாக்ஸையோ, ஒருமுறை பல்செட்டையோ எடுத்து நீட்டும்போது, "மெஷினத் திட்டாதீங்க. அது வேணும்னு செய்யல" என்பார்.

கல்லூரியில் படிக்கும் மகள் ஒருநாள் டார்ச் தேடி வண்டியின் பின்பக்கம் துழாவினாள். டார்ச் கிடைக்கவில்லை. கட்டுக்கட்டாக உறைகள் கிடைத்தன.

"யாராவது போட்டிருப்பாங்கம்மா" என்றார். மகள் நம்பவில்லை. மூன்றாம் நாள் அவரே அவள் அறை வாசலில் போய் நின்றார். "நான்தான். நிறுத்த முடியல. வயிறு வலிச்சாக்கூட கை நிக்க மாட்டேங்குது." சொல்லி முடித்தபோது கதவுநிலையைப் பிடித்திருந்தார்.

அவள்தான் விசாரித்து ஓர் ஆலோசகரிடம் அழைத்துப் போனாள். அவருக்கு மெஷின்காரரைவிடப் பத்து வயது குறைவு. திட்டு வாங்கத் தயாராகத்தான் இவர் போய் உட்கார்ந்தார்.

"எனக்கு வாயக் கட்டத் தெரியல மேடம்."

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. முந்தின நாள் தின்னதுக்குத் தண்டனையா பட்டினி கெடப்பேன். மத்தியானமும் அப்படித்தான்."

"அப்ப உங்களுக்குக் கட்டு ஜாஸ்தி. காலையிலேர்ந்து கட்டி வச்சிருக்கீங்க, நாலு மணிக்கு அவுந்துக்குது. இனிமே வேளாவேளைக்குச் சாப்பிடுங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே அசைபோட்டார். மனைவியிடம், "தின்னுட்டு வந்து நிக்கிறவன்கிட்ட, நேரத்துக்கு நேரம் தின்னுங்கறாங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் நம்பிக்கை அவ்வளவாக இல்லை.

ஆலோசகர் ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொன்னார். என்ன சாப்பிட்டார் என்பதோடு, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதையும் எழுதவேண்டும். அந்த இரண்டாவது கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. தினமும் அடுத்தவர் வீட்டில் கேட்கிற கேள்விதானே. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, ஊர்பேர் தெரியாத ஒருவனை நோட்டம் விடுவதுபோலத் தன்னையே கவனிக்க ஆரம்பித்தார். 'காலை சாப்பிடல. ஒரு வீட்ல, போன தடவ சரியாப் பாக்கலைன்னு சொன்னாங்க. பதில் சொல்லல. ரெண்டு பாக்கெட்.' பக்கம் பக்கமாக இதே வரிசை. "பசியும் இருக்கு, வாய் தொறந்து சொல்லாததும் இருக்கு" என்று மனைவியிடம் படித்துக் காட்டினார். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றாள் அவள்.

ஒருநாள் ஆலோசகர் அவர் வழக்கமாகத் தின்னும் க்ரீம் பிஸ்கட் ஒன்றைக் கொடுத்து, மெதுவாகச் சாப்பிடச் சொன்னார். கடித்தார், மென்றார், கூரையைப் பார்த்தார். இன்னொரு கடி.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. இது நல்லாவே இல்ல."

"எப்படி இருக்கு?"

"இனிக்குது. அவ்வளவுதான். மெழுகு மாதிரி நாக்குல ஒட்டுது. பதினோரு வருஷமா இதையா தின்னேன்?" மிச்சத்தைத் தட்டில் வைத்துவிட்டார்.

நாலு மாதம் ஒழுங்காக ஓடியது. டிபன் டப்பாவில் மதியச் சாப்பாடு, இடையில் ஒரு பழம். நாலு மணிக்கும் வண்டி நிற்காமல் போனது.

பிறகு ஒரு வீட்டில், அவர் திறந்து வைத்த மெஷினிலிருந்து தண்ணீர் வழிந்து தரைவிரிப்பு நனைந்துவிட்டது. வீட்டுக்காரர் பிள்ளைகள் எதிரில் அவரை ஒருமையில் பேசினார். அன்று வண்டி மரநிழலில் நின்றது. இரண்டு பொட்டலம், ஒரு ரொட்டி. எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். எழுத்து கோணிப்போயிருந்தது.

மறுநாள் காலை மகளும் மனைவியும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அவர் முகத்தைப் பார்த்ததுமே மனைவிக்கு விளங்கிவிட்டது. பழைய வழக்கப்படி இன்றைக்குப் பட்டினிதான் என்று, அவருக்கு வைத்த தட்டை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தாள். மகள் தலை தூக்கவில்லை.

அவர் அலமாரிக்குப் போய், அந்தத் தட்டை எடுத்துத் துடைத்து, மனைவிக்கு எதிரே தன் இடத்தில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.