இரண்டு கேமராவும் ஒரு முகமும்

தேயிலைத் தோட்டத்துக் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பதுதான் என் பிழைப்பு. பழைய கேமரா மழையில் நனைந்து செத்துப்போனதும், ஃபோனில் ரிவியூ பார்த்துப் பார்த்தே மண்டை காய்ந்துவிட்டது. எல்லாரும் ஒரே கேமராவைத்தான் புகழ்ந்தார்கள்.

மனைவியோடு ஹட்டன் டவுனிலுள்ள கேமராக் கடைக்குப் போனேன். அந்தக் கேமராவைக் கையில் எடுத்துப் பார்த்தும் மனசு நிலைகொள்ளவில்லை. அவளைக் கடை வாசலில், பனிமூட்டத்தில் நிறுத்தி அதில் ஒரு படம், பக்கத்திலிருந்த வேறொன்றில் ஒரு படம் எடுத்தேன்.

முதல் படத்தில் ஒவ்வொரு முடியும் தெரிந்தது. முகம் மட்டும் மாவு பூசினதுபோல வெளுத்திருந்தது. இரண்டாவது கொஞ்சம் மங்கல்தான். ஆனால் வெயிலிலும் பனியிலும் கொழுந்து பறித்துக் கறுத்த அவள் முகம் அதில் அப்படியே இருந்தது.

"ரிவியூ எல்லாம் முதலாவதுக்குத்தாங்க," என்றார் கடைக்காரர்.

எங்கள் பக்கம் கல்யாணப் பொண்ணைப் படத்தில் வெளுப்பாக்கிக் கொடுப்பதுதான் வழக்கம். என் மனைவியோ இரண்டாவது படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம கல்யாண ஆல்பத்துலகூட நான் இந்த நிறத்துல இல்லைங்க."

இரண்டாவது கேமராவையே வாங்கினேன். பஸ்ஸில் வரும்போதே, தப்புப் பண்ணிட்டோமோ என்று அரிக்க ஆரம்பித்தது. இன்றைக்கும் ரிவியூ பார்க்கிறேன், இன்றைக்கும் அரிக்கிறது. ஆனால் அந்த ரிவியூக்காரர்களில் ஒருத்தர்கூட இவள் முகத்தைப் பார்த்ததில்லையே.