வேலியோரத்து அம்மா

தொண்ணூறுகளில் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், கோவையை விட்டுப் போய்விட எண்ணி கோபிசெட்டிபாளையத்தில் ஒரு வீடு பார்க்கப் போனோம். வாழைத்தோட்டத்தை ஒட்டிய வீடு. பின்னால் பெரிய கிணறு. எங்கள் இருவருக்கும் பிடித்துவிட்டது.

பக்கத்து வீட்டு அம்மா வேலியோரம் வந்தார். நல்ல உயரம், நெற்றி நிறையத் திருநீறு. வேலியில் பழுத்த இலைகளைக் கிள்ளிப் போட்டபடியே என் மனைவியிடம் பேசினார்.

"திரும்பவும் வந்துட்டீங்களா அம்மணி? இந்தத் தடவையாச்சும் அவரைக் கெணத்துப் பக்கம் உட்டுப்போடாதீங்க."

"நாங்க இந்த ஊருக்கு வர்றதே இதுதானுங்க முதல் தடவை" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. "போன தடவையும் உங்க ஊட்டுக்காரரு இதையேதானுங்க சொன்னாரு" என்றார் அவளிடம்.

மனைவி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காரில் ஏறினாள். ஈரோட்டில் குடியேறினோம். அந்த அம்மா மிரட்டலாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். அவ்வளவு அன்பாகச் சொன்னார்.