சிவப்புப் பூ வந்த பிறகு

கோயம்புத்தூரில் பி.ஏ. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீடு திரும்பியிருந்தேன். அறுபதுகளின் நடுப்பகுதி. ஏன் விட்டாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொன்னேன். எனக்கே சொல்லிக்கொள்ளத்தான் ஒன்றும் இல்லை. வீட்டில் உட்கார முடியாது, தோட்டத்தில் நிற்க முடியாது. காலையில் பஸ் ஏறிப் பல்லடம் போவேன். ஒரு டீ குடிப்பேன். அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவேன். பெரிதாக ஏதோ எனக்காகக் காத்திருக்கிறது என்று மட்டும் உறுதியாக நம்பினேன். அது என்ன என்று யாராவது கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

அம்மாவின் அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்தார். என்னை அங்கே சேர்த்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டுவதானாலும் கல்யாணம் பேசுவதானாலும் குலதெய்வத்திடம் பூக்கேட்காமல் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் மடித்துச் சாமி முன்னால் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் கூடாது.

எனக்காகப் பூக்கேட்டபோது நான் கண்ணை மூடிக்கொண்டு சிவப்பு, சிவப்பு என்று வேண்டினேன். கல்லூரியில் சாமியே இல்லை என்று மேசையைத் தட்டி வாதம் செய்தவன்தான்.

பூசாரி மடிப்பைப் பிரித்தார். செவ்வரளி.

அம்மாவின் முகம் தொங்கிப்போனது. "சாமியே வேண்டாமுன்னு சொல்லிப்போட்டுது. இனி அவனை ஆரும் ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம்" என்றார் அப்பா.

அன்றிலிருந்து உண்மையாகவே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. முன்பு போ, போ என்று நச்சரிப்பார்கள். நான் எரிந்து விழுவேன். அதிலேயே பொழுது போய்விடும். இப்போது சோறு போட்டார்கள், வேட்டி துவைத்துக் கொடுத்தார்கள், எதிரே வந்தால் ஒதுங்கி வழி விட்டார்கள். கேட்டது கிடைத்தும் உள்ளே குடைச்சல் நிற்கவில்லை. இனி யார் மேல் பழி போடுவது? எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஒரு நாள் பல்லடத்திலிருந்து வீடு திரும்பாமல் திருப்பூர் பஸ்ஸில் ஏறினேன். மாமனிடம் போய், வேலைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பதறிவிட்டார்.

"என்ன மாப்ளெ நீ, சாமி கூடாதுன்னதுக்கப்புறம் நான் எப்புடிச் சேத்திக்கறது? நாளைக்கு உனக்கொண்ணு ஆச்சுன்னா உங்கம்மா மூஞ்சில நான் முழிக்கோணுமல்லோ?"

காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

வெளியே வெயில் கொளுத்தியது. எந்தத் தெரு என்றுகூடப் பார்க்காமல் நடந்தேன். மெஷின் சத்தம் கேட்ட ஒரு வாசலில் கால் நின்றது. ஒரு முஸ்லிம் பாயின் பனியன் கம்பெனி அது. துணி வெட்டும் மேசையருகே நின்ற முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன வேலை தெரியும் தம்பி?"

"ஒண்ணுந் தெரியாதுங்க."

"ஆரு அனுப்பிச்சாங்க?"

அப்பாவின் பேரும் மாமனின் பேரும் நாக்கு நுனிவரை வந்தன. விழுங்கிக்கொண்டேன்.

"ஆரும் அனுப்பலீங்க. வேண்டாமுன்னுதான் சொல்லியிருக்கறாங்க. நானாத்தான் வந்தேனுங்க."

அவர் கையிலிருந்த கத்தரியை மேசைமேல் வைத்துவிட்டு யோசித்தார்.  எங்கே போகச் சொல்லிவிடுவாரோ என்றிருந்தது. கல்லூரியை விட்டு வந்த பிறகு முதல் தடவையாக, நானாகக் கேட்ட ஒன்று கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்தேன்.