எட்டுக் கடிகாரமும் கதிரேசன் அண்ணனும்

கதிரேசன் அண்ணன் இறந்த செய்தி அவருடைய போனிலிருந்தே எனக்கு வந்தது. காலை எட்டு மணி இருக்கும். கடை ஷட்டரை அப்போதுதான் தூக்கியிருந்தேன். திரையில் அவர் பெயர் தெரிந்தது. எடுத்தால் வேறு குரல். "அப்பா போயிட்டாக அத்தை" என்றது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "யாரு பேசுறது? எங்கன இருந்து பேசுற?" என்று அதட்டினேன். "கண்ணன் பேசுறேன்." "எந்தக் கண்ணன்? உங்க அம்மா பேரச் சொல்லு." பாவம், அந்தப் பிள்ளை அழுதுகொண்டே "சரோசா" என்றான். அடுத்த கேள்விக்கு வாயெடுத்தபோது பின்னால் சரோசா மதினியின் ஒப்பாரி கேட்டது. அதற்குப் பிறகுதான் நிறுத்தினேன்.

இப்படிக் கேட்கச் சொல்லிக் கொடுத்தவர் அவரேதான். "போன்ல எவன் என்ன சொன்னாலும் நம்பாத. தெரிஞ்ச நம்பரா இருந்தாலும் ஆளு யாருன்னு கேளு. அழுதா இன்னும் ரெண்டு கேள்வி சேத்துக் கேளு" என்பார். அவர் சாவுச் செய்தியையே நான் விசாரித்துத்தான் வாங்கிக்கொண்டேன். அவர் இருந்திருந்தால் மெச்சியிருப்பார். எனக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

பதினாறாம் நாளன்று நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவரை அறிந்த உங்களுக்கு, அன்று பேச முடியாததை எழுதித் தருகிறேன். இதில் அவருடைய பெருமையோடு என்னுடைய சிறுமையும் இருக்கிறது. இரண்டையும் பிரித்து எழுத வரவில்லை.

உங்களில் பாதிப் பேருக்கு அவர் 'கஸ்டம்ஸ்காரர்'. அனுமந்தன்பட்டியில் பிறந்து, சுங்கத் துறையில் சேர்ந்து, துறைமுகம், விமான நிலையம் என்று ஊர் ஊராக மாற்றலாகி, சூப்பிரண்டாக ஓய்வு பெற்று ஊருக்கே திரும்பியவர். நான் உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் விமான டிக்கெட், ரயில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். தினமும் பத்து மணிக்கு வந்து, என் மேஜைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். படிப்பது பேருக்குத்தான். கண் இரண்டும் கடைக்கு வருகிறவர்களின் கையிலும் பையிலுமே இருக்கும்.

சந்தேகம் என்றால் சாதாரணச் சந்தேகம் இல்லை. திராட்சை வாங்கப் போனால் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுவார். "மேல் வரிசை காட்டுறதுக்கு, கீழ் வரிசை விக்கிறதுக்கு. எனக்குக் கீழ இருந்து எடு." பழக்காரி வைத வசவு இன்னும் என் காதில் இருக்கிறது. வளைகுடாவிலிருந்து லீவில் வந்த யாராவது கடைக்கு வந்தால், தன் கையில் கடிகாரம் கட்டிக்கொண்டே, "தம்பி, மணி என்ன?" என்று கேட்பார். அவன் கையை நீட்டுவான். இவர் மணியைப் பார்க்கமாட்டார், கடிகாரத்தைப் பார்ப்பார். அவன் போன பிறகு, "டூப்ளிகேட்டு. ஆனா பய அத ஒரிஜினல்னு நம்பிக் கட்டியிருக்கான், பாவம்" என்று பேப்பரைத் திருப்புவார்.

மூன்று வருசத்துக்கு முன்னால் என் மகளுக்குச் சடங்கு வைத்தோம். என் தம்பி செல்வம் துபாயில் இருக்கிறான். தாய்மாமன் சீர் அவன்தான் கொண்டுவர வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்: சீர் கொண்டுவருகிற மாமன் பிள்ளைக்கு மட்டும் செய்துவிட்டுப் போக முடியாது. மச்சான்மாருக்கும் செய்ய வேண்டும். என் வீட்டுக்காரரும் அவர் பங்காளிகளுமாக எட்டுப் பேர். ஒருவருக்குச் சட்டைத்துணி ஒரு விரற்கடை குறைந்தாலும் பந்தியில் உட்கார மாட்டார்கள். எட்டும் ஒரே துணி, ஒரே நிறமாக இருக்க வேண்டும்.

செல்வமோ, துணி எல்லாரும் செய்கிறார்கள், நான் வாட்ச் செய்கிறேன் என்றான். பெயரைச் சொன்னாலே விலை தெரியும் கம்பெனி வாட்ச், அதன் போலி. எட்டு மச்சானுக்கு எட்டு. எல்லாம் ஒரே மாதிரி, ஒரே நிறம், ஒரே டப்பா. "தட்டுல வச்சுக் கொண்டு வந்தா ஊரே பாக்கும்க்கா" என்றான். எனக்கும் ஆசைதான். இல்லை என்று இப்போது சொன்னால் பொய்.

ஆனாலும் கதிரேசன் அண்ணனிடம் நைசாகக் கேட்டேன். "ஏண்ணே, ஒரு பார்ட்டி கேக்குறாக. டூப்ளிகேட் வாட்ச் எட்டு கொண்டு வந்தா என்ன ஆகும்?"

பேப்பர் இறங்கியது. "யாரு அந்தப் பார்ட்டி?"

"கம்பத்துல ஒருத்தர்."

என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "கையில ஒண்ணு கட்டிட்டு வந்தா பெரும்பாலும் எவனும் கேக்கமாட்டான். சொந்த உபயோகம். ஒரே மாதிரி எட்டு இருந்தா அது பரிசில்லத்தா, சரக்கு. வியாபாரம்னு எழுதுவாக. ஒரிஜினல்னு சொன்னா, ஒரிஜினல் விலைக்கு வரி போட்டுப் பில்லக் கேப்பாக. டூப்ளிகேட்டுன்னு சொன்னா பறிமுதல் பண்ணி உடைச்சிருவாக. ரெண்டு பக்கமும் அடி. அபராதம் தனி. கேஸு ஆகுறதும் ஆகாததும் அவன் என்ன பேசுறாங்கிறதுல இருக்கு."

"ஒண்ணுமே சொல்லாம வந்துட்டா?"

"அங்கன ரெண்டு வழி இருக்கு. சொல்ல வேண்டிய பொருள் இருந்தா சிவப்பு. ஒண்ணும் இல்லேன்னா பச்சை. பச்சை வழியில நடந்தாலே அது வாக்குமூலம். வாயத் திறக்கவே வேண்டாம். தானாப் போயிச் சொன்னா அது ஒரு கதை. பிடிச்ச பிறகு சொன்னா அது வேற கதை."

இரண்டு நாள் கழித்து, சும்மா கேட்கிற மாதிரி, "உன் தம்பி சடங்குக்கு எப்ப வர்றான்? எந்த ஏர்போர்ட்டு?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்டுபிடித்துவிட்டார், பழைய ஆபீசுக்குப் போன் போடப் போகிறார் என்றே நினைத்தேன். தேதியை மறைக்க முடியாது, பத்திரிகை கொடுத்தாயிற்று. "வியாழக்கிழமைண்ணே. கொச்சியில எறங்குறான்" என்றேன். அவன் இறங்கப் போவது மதுரையில். டிக்கெட் போட்டவள் நான்தான். கம்ப்யூட்டர் திரையை மெதுவாக என் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தாரா இல்லையா என்று தெரியவில்லை.

செல்வத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எல்லாரும் கொண்டு வர்றாகக்கா. உன் கஸ்டம்ஸ்காரருக்குச் சந்தேகப்படுறதே பொழப்பு" என்று சிரித்தான்.

வியாழக்கிழமை மதியம் மதுரையிலிருந்து செல்வம் பேசினான். பச்சை வழியில் நடந்திருக்கிறான். துணிக்குள் சுற்றி வைத்தும் பெட்டி ஸ்கேனில் எட்டு வட்டம் வரிசையாகத் தெரிந்திருக்கிறது. நிறுத்தியிருக்கிறார்கள். கேட்டதும் வீறாப்பாக "ஒரிஜினல்" என்றிருக்கிறான். பில் எங்கே என்று கேட்டதற்கு, "கூட்டாளி அனுப்புவான்" என்று எழுதியும் கொடுத்துவிட்டான். வாட்சுகளை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவனுக்கு இருபது நாள் லீவு. கேஸ் என்று இழுத்து, சொன்ன தேதிக்குத் திரும்பாவிட்டால் வேலை போய்விடும். அந்த வேலையை நம்பித்தான் எங்கள் அம்மாவும் அவன் பெண்டாட்டி பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அன்றைக்கு மட்டும் கதிரேசன் அண்ணன் கடைக்கு வரவில்லை. என்றைக்கும் தவறாமல் வருகிற மனுசன் அந்த வியாழக்கிழமை மட்டும் ஏன் வரவில்லை? எனக்குச் சந்தேகமே இல்லாமல் போனது. திரையைப் பார்த்திருக்கிறார். மதுரைக்குச் சொல்லிவிட்டார். என் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு வீட்டில் இருக்கிறார்.

மறுநாள் பத்து மணிக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. பேப்பரைக்கூட எடுக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "ஏண்ணே, நீங்கதானே சொன்னீக? என் தம்பியப் பிடிச்சுக் குடுத்தது நீங்கதானே?" என்று நேருக்கு நேர் கேட்டுவிட்டேன்.

அவர் பதறவில்லை. "உன் தம்பி எங்க எறங்குனான்?" என்றார்.

"மதுரையில."

"மதுரையிலயா" என்று ஒரு தடவை சொல்லிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். என்ன நடிப்பு என்று நினைத்தேன். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சரி. வாக்குமூலத்துல என்ன எழுதிக் குடுத்தான்? அவன இங்கன வரச் சொல்லு" என்றார்.

செல்வம் வந்தபோது அவன் போனில் பில் ஏற்கெனவே வந்திருந்தது. துபாய்க் கூட்டாளி எந்தக் கடையிலோ அடித்து அனுப்பிய பில். பார்த்தால் அசல் போலவே இருந்தது. இதைக் காட்டினால் வாட்சுகளை மீட்டு, சடங்கில் தட்டில் வைத்துவிடலாம் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். அண்ணன் அதை ஒரு பார்வைதான் பார்த்தார்.

"இத அழி. போலி வாட்சு வச்சிருந்தவன் ஏமாந்த பயன்னு ஒருத்தராவது நினைப்பாக. போலி பில்லு குடுத்தவன எவனும் அப்பிடி நினைக்கமாட்டான். இதுவரைக்கும் மாட்டுனது வாட்சு. இதக் குடுத்தா மாட்டுறது நீ."

செல்வம் முறைத்தான். "எட்டு மச்சானுக்கும் நான் என்ன பதில் சொல்றது?"

"வேட்டி துண்டு வாங்கிக் குடு. பந்தியில உக்காரலேன்னா பசியோட போகட்டும். உன் புள்ளைக பசியோட இருக்கக் கூடாதுல்ல."

அவர் சொல்லச் சொல்ல நான் கடிதம் அடித்தேன். அசல் இல்லை என்று தெரிந்தே வாங்கினேன். விற்பதற்கு அல்ல, சீர் செய்வதற்கு. அதிகாரியிடம் முதலில் சொன்னது பொய். வாட்சுகளைத் திரும்பக் கேட்கமாட்டேன். கையெழுத்துப் போட வந்த செல்வம், 'பொய்' என்ற இடத்தைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்தான். "தவறுதலாச் சொன்னேன்னு போடலாம்ல?" என்றான். அண்ணன் கூடாது என்று தலையசைத்தார். "தவறுதலாச் சொல்றவன் எட்டையும் துணிக்குள்ள சுத்தி வைக்கமாட்டான். பொய்யின்னே போடு. அவுகளுக்கு விசாரிக்க வேற ஒண்ணும் மிச்சம் வைக்காத." கையெழுத்துப் போட்டான்.

மதுரைக்கு எங்களோடு அவரும் வந்தார். ஆனால் ஆபீசுக்குள் வரவில்லை. "நான் உள்ள வந்தா சிபாரிசுக்கு வந்தேம்பாக" என்று வெயிலில் வேப்பமரத்தடியில் நின்றார். செல்வத்துக்கு அபராதம் போட்டார்கள். வாட்சுகள் போயே போய்விட்டன. கேஸ், கோர்ட் என்று போகவில்லை. சடங்கு முடிந்து குறித்த தேதியில் விமானம் ஏறினான். மச்சான்மார் எட்டுப் பேரும் வேட்டி துண்டை வாங்கிக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

இத்தனை செய்தவரை நான் நம்பினேனா? இல்லை. காட்டிக் கொடுத்துவிட்டு மனசு உறுத்தி உதவினார் என்றே மூன்று வருசமும் நினைத்தேன். டீ வாங்கிக் கொடுப்பேன், முகம் கொடுத்துப் பேசமாட்டேன். அவர் வந்தால் திரையை என் பக்கம் திருப்பிக்கொள்வேன். ஒரு நாள் அவராகவே நாற்காலியைத் தூக்கிப்போய் வாசலோரம் ரோட்டைப் பார்த்துப் போட்டுக்கொண்டார். திரைக்கு அவர் முதுகு. குற்றம் செய்தவருக்குத்தான் இப்படி ஒதுங்கத் தோன்றும் என்று அதையும் என் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன்.

காரியம் முடிந்த மறுநாள் சரோசா மதினியோடு உட்கார்ந்திருந்தேன். பேச்சோடு பேச்சாக மதினி கேட்டார், "உன் தம்பி சௌக்கியமா? அவனுக்காக ஒரு நாளு இவுக கொச்சிக்குப் போயி அலைஞ்சாகளே."

"கொச்சிக்கா? என்னைக்கு மதினி?" என்றேன்.

"சடங்குக்கு வந்தானே, அன்னைக்கு. வெள்ளன எந்திரிச்சுக் குமுளி பஸ் ஏறிப் போனாக. அங்கன அவுக கூட வேல பார்த்த ஒருத்தர் இருந்தாராம். பய பச்சை வழியில போயிருவான், தானாப் போயிச் சொல்லிருன்னு அவரு மூலமா அவன் காதுல ஒரு வார்த்த போட்டுட்டாப் போதும்னாக. போன்ல சொல்லக்கூடாதான்னு கேட்டேன். இதெல்லாம் போன்ல பேசுறதில்லன்னாக. சாயங்காலம் வரைக்கும் வாசல்ல நின்னு, பயலக் காணோம்னு திரும்பி வந்தாக. முழங்கால் வீங்கிப் போச்சு. மறுநாள் உன் கடையில இருந்து வந்து, 'மதுரையில எறங்கிட்டானாம்'னு மட்டும் சொன்னாக."

நான் மதினி கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவருக்காக அழுகிறேன் என்று மதினி நினைத்திருப்பார்.

பழப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்த மனுசன். சொந்தக்காரன் போன் செய்தாலும் அடையாளம் கேட்கச் சொன்ன மனுசன். 'கொச்சி' என்று நான் சொன்னதை மட்டும் அவர் இரண்டாவது தடவை கேட்கவில்லை. பக்கத்திலேயே இருந்த திரையை எட்டிப் பார்க்கவில்லை. மறுநாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் நான் பொய் சொன்னது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்போதும், "ஏத்தா இப்படிச் சொன்ன?" என்று கேட்கவில்லை. என்னைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விட்டுவிட்டார். நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாரோ என்னவோ. மூன்று வருசம், தினமும் பத்து மணிக்கு, அவர் எதிரிலேயே நான் பச்சை வழியில் நடந்திருக்கிறேன்.

கடையில் அவர் நாற்காலி ரோட்டைப் பார்த்தே இருக்கிறது. வெளிநாட்டு டிக்கெட் போட வருகிறவர்களிடம் அவர் சொன்னதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்; ஒன்றா எட்டா என்று கேட்கிறேன், சிவப்பு வழியைக் காட்டுகிறேன். அவரிடமிருந்து இந்த ஊரே சந்தேகப்படக் கற்றுக்கொண்டது. எனக்கென்று அவர் விட்டுப்போனது, ஒரு கேள்விகூடக் கேட்காமல் என் சொல்லை நம்பி அவர் ஏறிய அந்தக் குமுளி பஸ். அண்ணே, மதுரை என்று தெரிந்தேதான் கொச்சி என்று சொன்னேன். தானாக வந்து சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.