பெயரை மட்டும் மறைத்தேன்

எனக்கு வாய் அதிகம். ஊர் ஊராகத் தமிழ் பேசிக் காட்டுவேன். டெல்லியில் வளர்ந்தவளுக்கு அது சுலபம். கரோல் பாகில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் கீழ்வீடு மதுரை, எதிர்வீடு கோயம்புத்தூர், நாங்கள் கும்பகோணம். கல்யாண வீடுகளில், "எங்கே, அந்த எதிர்வீட்டு ஆன்ட்டி மாதிரி பேசிக் காட்டுடி" என்பார்கள். காட்டுவேன், சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காக அலைந்தவள் நான் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் குடிநோய் ஆராய்ச்சிப் பிரிவில் எனக்கு வேலை. சிகிச்சைக்கு வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசி, சொல்வதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராய்ச்சியில் தெரியவந்ததை வெளியே போய் ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லவும் வேண்டும். தமிழ்க்காரர்கள் இருக்கும் காலனியெல்லாம் என் தலையில்.

புதன்கிழமைதோறும் ஒருவர் வருவார். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ், நாகர்கோவில் பக்கத்துக்காரர், ரிடையராக இரண்டு வருஷம் இருந்தது. மனைவியும் கூட வருவார். ஏழு வாரமாக மனிதர் ஒரு சொட்டுத் தொடவில்லை. மனைவிக்கு ஒரே ஒரு பயம்தான்.

"மக்ளே, அக்கம்பக்கத்துல ஒருத்தருக்கும் தெரிஞ்சிரப்பிடாது, கேட்டியா. தெரிஞ்சா இவிய வெளிய தலகாட்ட மாட்டாவ. மறுபடியும் குப்பிதான்."

"எங்கிட்டேர்ந்து ஒரு வார்த்தை வெளிய போகாது ஆன்ட்டி" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவர்கள் காலனியிலேயே கூட்டம் என்று முடிவானபோது, "நீங்களும் வாங்க, பொதுவாத்தான் பேசப்போறேன்" என்று அழைத்ததும் நானேதான்.

குளிர்கால ஞாயிறு. ஹாலில் முப்பது பேர் இருப்பார்கள். பெண்களில் பாதிப்பேர் ஸ்வெட்டர் பின்னினார்கள், மீதிப்பேர் பட்டாணி உரித்தார்கள். அவர் மனைவி கடைசி வரிசையில், மடியில் ஒரு தட்டோடு. நான் புரொஜெக்டரில் மூளைப் படத்தைப் போட்டு, குடி என்பது ஒழுக்கக்கேடு இல்லை, நோய், மறைத்து வைத்தால் முற்றும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். முன்வரிசைப் பெரியவர் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டார். "ஜல்தி முடிச்சாத் தேவலை" என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"சரி, ஒருத்தர் கதை சொல்றேன், கேளுங்க" என்றேன். விதிப்படி பெயர் சொல்லவில்லை. வயதைக் குறைத்தேன். அரசாங்க வேலையை பாங்க் வேலையாக்கினேன். வீட்டை ஜனக்புரிக்கு மாற்றினேன். எவ்வளவு ஜாக்கிரதை பாருங்கள்! அப்புறம் அவர் முதல் நாள் என்னிடம் சொன்னதை அப்படியே அவர் குரலிலேயே பேசிக் காட்டினேன்.

"காலத்த எந்திச்சா கை கெடந்து ஆடுது, கேட்டியளா. ஒரு மடக்கு உள்ள போனா எனக்க கை எனக்க பேச்சக் கேக்கும். அது மருந்துல்லா? பின்ன வீட்டுக்காரி எதுக்குக் கெடந்து அழுதா?"

பேசும்போது அவருக்கு இடது தோள் ஒருமுறை தானாகத் தூக்கும். பாவி, அதையும் தூக்கிக் காட்டினேன். ஹால் குலுங்கியது. பின்னல் ஊசிகள் நின்றன. எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு தரம் தூக்கினேன்.

கொட்டாவிப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அடடே, அச்சு அசல் நம்ம பின் பிளாக் நாகர்கோவில் சார்!" என்றார். அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் காலனியில் நாகர்கோவில் குடும்பம் ஒன்றே ஒன்றுதான். சிரிப்பு அடங்கி, ஒவ்வொரு தலையாகக் கடைசி வரிசைப் பக்கம் திரும்பியது.

அவர் மனைவி எழுந்தார். தட்டிலிருந்த பட்டாணியைப் பைக்குள் கொட்டினார். யாரையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. "அடுத்த படம் பார்ப்போம்" என்று புரொஜெக்டர் தாளை மாற்றினேன். சீ! பேசிக் காட்டியதைவிட இதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அடுத்த புதன் அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த புதனும் வரவில்லை. வராமல் நின்றுபோனவர்களுக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம். 'தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தெரியாதாம் எனக்கு!

மூன்றாவது வாரம் மனசு கேட்காமல் வீட்டுக்கே போனேன். மனைவிதான் கதவைத் திறந்தார். உள்ளே அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பட்டப்பகலிலேயே கண் சிவந்திருந்தது, காலடியில் குப்பி. "ஆன்ட்டி, என்னை மன்னிச்சிருங்க, நான் செஞ்சது தப்பு" என்று வாசலிலேயே அழ ஆரம்பித்தேன்.

ஆன்ட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆயியே மேடம்ஜி, பைட்டியே. சாய் பியேங்கி?" என்றார். உள்ளே வாருங்கள், உட்காருங்கள், டீ குடிக்கிறீர்களா என்று, காய்கறிக்காரரிடம் பேசுகிற அதே தட்டுத்தடுமாறும் ஹிந்தியில். மக்ளே இல்லை. நான் தமிழில் கெஞ்சக் கெஞ்ச, அவர் ஹிந்தியிலேயே பதில் சொன்னார்.

நான் நாற்காலியில் இருந்தவரிடம் திரும்பி, "சார், புதன்கிழமை வாங்க சார்" என்றேன்.

"சப் டீக் ஹை, மேடம்" என்றார் அவரும் ஹிந்தியில், எல்லாம் நன்றாக இருக்கிறதாம். சொல்லும்போது இடது தோளை வலது கையால் அழுத்திப் பிடித்திருந்தார்.